ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிய இயந்திரம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் நுழைந்த முதல் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவர், "எத்தன பேரு, அக்கா?" என்று கேட்டார். ஒருத்திதான் என்றேன். அவர் என் தோளுக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, நால்வர் அமரும் மேசையின் ஓரத்தில் இலையைப் போட்டார். இலை நம் இலை. சோறும் ரசமும் அப்பளமும் நம்முடையவை. ஆனால் பக்கத்து மேசையில் சீனக் குடும்பம் ஒன்று நண்டுக் குழம்பை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சென்னையில் ஒரு பெண் தனியாக உணவகத்துக்குப் போனால் குடும்ப அறையின் திரைக்குப் பின்னே அனுப்பிவிடுவார்கள். இங்கே திரை இல்லை. யாரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் இறுதி. மருத்துவமனைக் கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான் பொறியாளராக இருந்தேன். கோலாலம்பூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை காமா கேமரா ஒன்றை வாங்கியிருந்தது. அதை நிறுவ வேண்டிய சிங்கப்பூர்ப் பொறியாளருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டதால், அதே வகைக் கருவியில் பயிற்சி பெற்றிருந்த என்னை மூன்று வாரத்துக்கு அனுப்பினார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால், பணிபுரியும் பெண்களுக்கான விடுதியில் அறை. மற்றப் பெண்கள் ஈப்போவையும் சிரம்பானையும் சேர்ந்தவர்கள். சனிக்கிழமை மதியமே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தில் நானும் குளிர்பெட்டியின் உறுமலும் மட்டும்.

அந்தக் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நோயாளிக்கு மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை ஊசி வழியே செலுத்துவார்கள். உடலிலிருந்து வெளிவரும் கதிர், கேமராவின் தலைக்குள் இருக்கும் உப்புப் படிகப் பலகையில் பட்டதும் அங்கே ஒரு மினுக்கு தோன்றும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒளி. படிகத்தின் பின்னால் தேன்கூடு போல் முப்பத்தேழு ஒளி உணர் குழாய்கள் அடுக்கப்பட்டிருக்கும். எந்தக் குழாய்க்கு எவ்வளவு ஒளி எட்டியது என்பதை ஒப்பிட்டு, மினுக்கு எங்கே பிறந்தது என்று கருவி கணிக்கும். இலட்சக்கணக்கான மினுக்குகள் சேர்ந்தால் ஒரு படம்.

முதல் வாரம் முழுவதும் அந்தக் குழாய்களோடு கழிந்தது. முப்பத்தேழும் ஒரே ஒளிக்கு ஒரே அளவு விடை சொல்ல வேண்டும். காலையில் இணங்கியது மாலையில் முரண்டு பிடிக்கும். அறை ஒரு டிகிரி சூடேறினால் ஒன்று தூங்கும், மற்றொன்று அலறும். வேகமும் ஒரு பிரச்சினை. ஒரு மினுக்கு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டால் கருவி இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். அந்தப் பிழையைக் குறைப்பதற்காக, இருட்டறையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு மணிக்கணக்காக அலைமானித் திரையில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சில நாள்களில் மாலைவரை ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்துவிட்டு, பேருந்தில் "பிரிக்பீல்ட்ஸ்" என்று சொல்லும்போது தொண்டை கம்மும்.

அப்படிக் கம்மிய ஒரு மாலையில்தான் தவறான மினி பேருந்தில் ஏறினேன். நடத்துநர் கதவில் தொங்கியபடி கூவிய ஊர்ப்பெயர்களில் ஒன்று எனக்குப் பழக்கமானதாகப் பட்டது. இறங்கியபோது அது நகரின் வேறு மூலையிலிருந்த சாலாக் செலாத்தான். மழை கொட்டியது. ஒரு காப்பிக் கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் நிமிராமலே, "மக்கானா, புங்குஸா?" என்றார். இங்கேயே சாப்பிடுவதா, பொட்டலமா என்பதற்கு அவ்வளவுதான் கேள்வி. இங்கேயே என்றேன். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வந்தன. பக்கத்திலிருந்த தமிழ் அம்மாள் நான் விழிப்பதைப் பார்த்து, "காரம் ஜாஸ்தியா? ஊரு எது?" என்றார். சென்னை என்றேன். "தனியாவா வந்தே? தைரியம்தான் லா," என்று இவ்வூர்ப் பேச்சின் "லா" ஒட்டைச் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தம் குடையை விரித்தார். அந்த வாரத்தில் என்னிடம் வேலை சம்பந்தமில்லாமல் பேசியவர் அவர் ஒருவரே.

மருத்துவமனையில் கருவியை இயக்குபவர் மிஸஸ் தில்லைநாதன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தந்தை ரயில்வே எழுத்தராக இருந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டும் நறுக்கென்ற பேச்சும் அவருடைய அடையாளங்கள். முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்து, "பொறியியலாளர் எண்டு சொல்லிச்சினம், ஒரு மனுசன் பெரிய பெட்டியோட வருவார் எண்டு நினைச்சன். நீர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறீர்," என்றார். "பெட்டி பெரிசுதான்," என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார்.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் இதயப் படம். இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால் அதை ஒரே மூச்சில் படமெடுக்க முடியாது. மார்பில் ஒட்டிய மின்கம்பிகள் ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்தையும் கருவிக்குச் சொல்லும். கருவி துடிப்பைப் பதினாறு துண்டுகளாக நறுக்கி, நூற்றுக்கணக்கான துடிப்புகளின் முதல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகவும், இரண்டாம் துண்டுகளை அப்படியே தனியாகவும் அடுக்கும். இதயம் சுருங்கும்போது எவ்வளவு இரத்தத்தை வெளித்தள்ளுகிறது என்று அதிலிருந்து கணக்கிடுவார்கள். எல்லாம் தொடக்கக் குறியைப் பொறுத்தது.

அன்று முதலாவதாக வந்தவர் எழுபது கடந்த ஒரு மலாய்ப் பெண்மணி. அவருடைய இதய மின் அலை மிகவும் பலவீனமாக இருந்தது; கருவி துடிப்பைப் பிடிக்கவே இல்லை. கை தலைக்கு மேலே, மெத்தையில்லாத பலகையில் அவர் நெடுநேரமாகக் கிடந்தார். முகத்தைச் சுளிக்காமல் என்னைப் பார்த்துப் புன்னகை வேறு செய்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. தொடக்கக் குறியின் கூர்மையைத் தீர்மானிக்கும் குமிழை, மெல்லிய அலையும் அதற்கு எட்டும்படி மிகவும் ஏற்றி வைத்தேன். உடனே கருவி எண்ணத் தொடங்கியது. அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் நிறைவாக உணர்ந்தேன். குமிழை யாரும் இறக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஒரு பிற்பகல். மிஸஸ் தில்லைநாதன் தம் நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். தாதியாகப் பயின்ற காலத்திலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: கம்பிகளை ஒட்டுவதற்கு முன் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி, பென்சிலால் குறித்துவைப்பார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை.

"இதைப் பாரும் பிள்ளை. இந்த மனுசன்ர நாடி அறுபத்தெட்டு. உம்முடைய மெசின் தாளில நூத்தி முப்பத்தாறு எண்டு கிடக்கு. படுத்துக்கொண்டு ஓடினவரோ?"

குமிழைப் பார்த்தேன்; அன்று ஏற்றிய இடத்திலேயே நின்றது. சிலருடைய மின் அலையில், துடிப்பின் முதல் முள்ளைத் தொடர்ந்து வரும் இரண்டாவது மேடும் உயரமாக இருக்கும். நான் ஏற்றி வைத்த குமிழ் அந்த மேட்டையும் புதிய துடிப்பின் தொடக்கமென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு துடிப்பை இரண்டாக எண்ணி, சுருங்கிய இதயத்தையும் விரிந்த இதயத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட படத்தில் எந்த நல்ல இதயமும் அசையாமல் கிடப்பதாகவே தெரியும். இரண்டு மினுக்குகளை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்று ஒரு வாரம் காவல் காத்தவள், இதைக் கவனிக்கவில்லை.

குமிழை இறக்கிவிட்டு, பதினொரு பேரின் தாள்களையும் அவருடைய நோட்டோடு ஒப்பிட்டோம். பத்துப் பேருக்கு எண்கள் பொருந்தின. ஒருவருக்கு மட்டும் இல்லை. மணியம், நாற்பத்து நான்கு வயது, போர்ட் கிள்ளானில் கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் கிரேன் ஓட்டுநர். வேலையின்போது ஒரு முறை மயங்கியதால், அவருடைய ஒப்பந்த நிறுவனத்தின் மருத்துவர் அனுப்பியிருக்கிறார். மற்றச் சோதனைகள் எல்லாம் நன்றாக இருந்தன. எங்கள் படம் மட்டும், இதயம் பலவீனம் என்றது. அறிக்கை போய் ஒரு வாரமாகிவிட்டது.

"கிரேனில இருந்து இறக்கிப்போட்டினமாம்," என்றார் மிஸஸ் தில்லைநாதன். "மருத்துவ ஓய்வு எண்டு வேலையை விட்டே அனுப்பப்போயினம். மாசக் கடைசியில முடிவு. அவற்ர மனுசி நேற்றுப் போன் எடுத்து, வேற ஏதும் செய்ய ஏலுமோ எண்டு கேட்டவ."

மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது. சென்னைக்குத் தொலைபேசியில் பேசினேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மறுபடி எடுத்துக் கொடுத்துடு. அதுல தப்பில்ல. ஆனா பேப்பர்ல தப்பு, பிழைன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. 'சரிசெய்தலில் ஏற்பட்ட வேறுபாடு'ன்னு போடு. புரியுதா?" புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது: மறுபடி எடுக்கும் படமும் அதையே சொல்லக்கூடும். உண்மையிலேயே அவர் இதயம் பலவீனமாக இருந்தால், ஒரு குடும்பத்துக்கு வீணாக நம்பிக்கையும் இன்னொரு கதிரியக்க ஊசியும் கொடுத்தவளாவேன். மருத்துவமனை ஒரு கடிதம் அனுப்புவதாகச் சொன்னது. கடிதம் போய்ச் சேருமா, அதற்குள் மாதம் முடிந்துவிடுமா என்று யோசித்து, கோப்பிலிருந்த முகவரியோடு மறுநாள் காலையில் நானே அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

கிள்ளான் பேருந்து நெடுஞ்சாலையில் பாதி வழியில் நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி எழுந்தது. ஓட்டுநர் இறங்கி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். யாரும் கோபப்படவில்லை. நம் ஊரில் இதற்குள் நான்கு பேர் அவருக்கு இயந்திரவியல் கற்பித்திருப்பார்கள். புல்தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பையிலிருந்து ரம்புத்தான் பழங்களை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். எனக்குப் பழம் உரிக்கத் தெரியாது என்று நினைத்து, அவரே உரித்துக் கையில் வைத்தார்.

கிள்ளானில் பூமாலைக் கடைகளையும் துணிக் கடைகளையும் தாண்டி இன்னொரு பேருந்து பிடித்து, மணியத்தின் வீடிருந்த பண்டமாரானில் இறங்கியபோது நண்பகல். கொள்கலன் லோரிகள் கிளப்பிய செம்புழுதி கூரைத் தகரங்களில் படிந்திருந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. "கிரேன் மணியமா? ஹார்ட் போச்சே, அவரா?" என்று கேட்டு, கடைக்காரர் வழிகாட்டினார்.

மணியம் சாய்வு நாற்காலியில் கால் நீட்டியிருந்தார். அகன்ற தோள்கள். எழ முயன்றவரை மனைவி பார்வதி, "நீங்க உக்காருங்க," என்று அதட்டி உட்காரவைத்தார். நான் யாரென்று சொன்னேன். எனக்கு ஒரு கோப்பை மைலோ சத்துப்பானம் கலந்து வைத்துவிட்டு, பார்வதி கதவோரம் நின்றார்.

"அந்தத் தாளை நம்ப முடியாது," என்றேன். "கருவியில் ஒரு கோளாறு. மறுபடி எடுக்க வேண்டும்."

மணியம் மெல்லச் சிரித்தார். "அப்படினா மெஷின் பொய் சொல்லிச்சா?"

"ஆமாம்."

"பாத்தியா பாரு? நான் அப்பவே சொன்னேன் லா. கேபின்ல ஏர்கோன் ரிப்பேரு, காலைல பசியாறாம ஏறிட்டேன், மயங்கிட்டேன்னு. யாரு கேட்டா?"

பார்வதி சிரிக்கவில்லை. "மிஸ், ஒரு வாரமா இவர ஒரு வாளி தண்ணி தூக்க விடல. ராத்திரி மூச்சு இருக்கான்னு மூக்குல கை வச்சுப் பாக்குறேன். இப்ப வந்து மெஷின் தப்புங்கறீங்க. சரி. மறுபடி எடுத்தா நல்ல பேப்பர் வருமா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"முதல் தாள் தவறு என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இதயம் நன்றாக இருக்கிறதா என்பது தெரியாது. நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால், அதுவும் பொய்யாகிவிடும்."

பார்வதி கணவரைப் பார்த்தார். "போறீங்களா?"

"போவாம? சும்மா படுத்துக் கெடக்கறதுக்கு அது மேல," என்றார் மணியம். பிறகு என் பக்கம் திரும்பி, "மைலோ ஆறிடும், குடிங்க மிஸ்," என்றார். குடித்தேன். பண்டமாரானிலிருந்து திரும்பும் வழியெங்கும் நாக்கில் அந்த இனிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து மணியம் அந்தப் பலகையில் படுத்தார். மிஸஸ் தில்லைநாதன் நாடியை எண்ணி, எழுபது என்று குறித்தார். கருவியும் எழுபது என்றது. அதிகாலையிலிருந்து குழாய்கள் முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தேன். அறைக்கதவை யாரும் திறக்கக் கூடாதென்று தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். திரையில் இதயம் மெல்லத் துலங்கியது. மூடித் திறக்கும் ஒரு கைமுட்டி போல, அது நன்றாகவே சுருங்கி விரிந்தது. இதய மருத்துவர் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, இயல்பு என்று எழுதிக் கையெழுத்திட்டார். மணியத்திடம் சொன்னபோது அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். மேலிருந்த பொத்தான் துளைக்குள் நுழையவே இல்லை. மிஸஸ் தில்லைநாதன்தான் போட்டுவிட்டார்.

ஆனால் கிரேனில் ஏற்றுவது எங்கள் கையில் இல்லை. மறுநாள் மணியத்தோடு போர்ட் கிள்ளானுக்குப் போனேன். ஒப்பந்த நிறுவனத்தின் மருத்துவர் ஒரு சீனர். சிறிய கிளினிக், சுவரில் கப்பல் நாள்காட்டி. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்:

"ஒரே இயந்திரம். ஒரே ஆள். இரண்டு வாரத்துக்குள் இரண்டு இதயம். நான் எதை நம்புவது?"

"இரண்டாவதை."

"முதல் தாள் வந்தபோதும் நம்பச் சொன்னார்கள். இவர் ஏறுகிற உயரம் உங்களுக்குத் தெரியுமா? அவர் கைக்குக் கீழே இருபது டன் தொங்குகிறது. அதற்குக் கீழே மனிதர்கள் நடக்கிறார்கள்."

அவருடைய மேசையிலிருந்த மருந்துச்சீட்டின் பின்புறத்தில் அலையை வரைந்து, முள்ளையும் மேட்டையும் காட்டினேன். நோட்டுப் புத்தகத்தின் பிரதியைக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு நான் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்த கடிதத்தை எடுத்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"'சரிசெய்தலில் ஏற்பட்ட வேறுபாடு.' இதற்கு என்ன பொருள்? வேறுபாடு தானாக ஏற்பட்டதென்றால், இன்றும் ஏற்பட்டிருக்கலாம். நாளையும் ஏற்படலாம். இப்படி எழுதினால் இவரை நான் மேலே அனுப்ப மாட்டேன்."

மணியத்துக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டில், கருவியில் கோளாறு என்றுதான் நானும் சொல்லியிருந்தேன். நான் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: குமிழை அளவுக்கு மீறி ஏற்றியது நான், அடுத்த நோயாளிக்கு முன் அதை இறக்காமல் விட்டதும் நான், கருவியில் பழுது இல்லை. பெயரெழுதிக் கையொப்பமிட்டேன். மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, 'வேலைக்குத் தகுதி' என்ற கட்டத்தில் முத்திரையிட்டார்.

வெளியே வெயிலில் நின்றோம். "அப்ப மெஷின் இல்ல, நீங்களா?" என்றார் மணியம்.

"நான்தான். உங்கள் வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அங்க சொல்லியிருந்தா எம் பொண்டாட்டி மைலோ கொடுத்திருக்க மாட்டா," என்றார். பிறகு, "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதே, மிஸ்?"

"தெரியாது."

"எதக் கேட்டாலும் தெரியாதுங்கறீங்க," என்று சிரித்தார். "நாளைக்கி ஏழு மணி ஷிஃப்ட். அது எனக்குத் தெரியும்." பேருந்து வரும்வரை நிற்கிறேன் என்றார். பார்வதி காத்திருப்பார், போங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மாலை எனக்கு விமானம். பெட்டி கட்டியாகிவிட்டது, கருவி மிஸஸ் தில்லைநாதனின் பொறுப்பில் இருந்தது. செய்வதற்கு எதுவும் இல்லை. விடியுமுன்பே எழுந்து முதல் பேருந்தில் போர்ட் கிள்ளானுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. துறைமுகத்துக்குள் அனுமதி கிடையாது. கம்பிவேலிக்கு வெளியே, லோரிகள் வரிசையாக நின்ற சாலையோரத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து மூன்று கிரேன்கள் தெரிந்தன.

ஏழு மணிக்குச் சற்று முன்பாக, மஞ்சள் தலைக்கவசம் அணிந்த ஓர் உருவம் நடுக் கிரேனின் ஏணியில் ஏறத் தொடங்கியது. தூரத்தில் முகம் தெரியவில்லை. தோள்களை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கீழே ஆள்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பலகையில் தாளை வைத்து எழுதினார், ஒருவர் சைக்கிளில் போனார். அவர்கள் அனைவரின் தலைக்கும் மேலே ஏறிக்கொண்டிருந்த மனிதருக்கு, நானும் எழுபது என்ற ஓர் எண்ணும் மட்டுமே பிணை.

பாதி உயரத்தில் உருவம் நின்றது.

வேலிக்கம்பியைப் பிடித்தேன். அது நகரவில்லை. கைப்பிடியில் சாய்ந்து, தலை குனிந்தாற்போல இருந்தது. கத்தினால்கூட அங்கே கேட்காது. பிறகுதான், மேலிருந்து இன்னொருவர் இறங்கி வருவதைக் கண்டேன். குறுகலான ஏணி, இரவுப் பணி முடித்து வருபவருக்கு வழிவிட்டு நின்றிருக்கிறார். இருவரும் ஏதோ பேசினார்கள். இறங்கியவர் மணியத்தின் முதுகில் ஓங்கித் தட்டினார். மணியம் மீண்டும் ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் போனார்.

கிரேன் அசைந்தது. முதல் பெட்டி கப்பலிலிருந்து எழுந்து, காற்றில் மெல்ல ஆடி, அமைதியடைந்து, ஒரு லோரியின் மேல் மெத்தென்ற ஓசையுடன் அமர்ந்தது. லோரி நகர்ந்தது, அடுத்தது வந்து நின்றது. வாயிற்காவலர் என்னை நோக்கி வந்து, யாரையாவது பார்க்க வேண்டுமா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். அவர் போகாமல் அங்கேயே நின்றதால், நான் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். பின்னால் இரண்டாவது பெட்டி இறங்கும் ஓசை கேட்கும்வரை மெதுவாக நடந்தேன். கேட்ட பிறகு வழக்கமான வேகத்தில்.